வேறொரு காசின் முதுகு

என் மனைவி ஓர் அருங்காட்சியகத்தில் பழைய நாணயங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாணயம் அசையாது, கண் சிமிட்டாது, இந்தக் கோணம் பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்காது. இவள் அதற்கு நேர் எதிர். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். கோப்பை எங்கே போனதென்று பிறகு நானும் மகளும் தேடுவோம். சாப்பாடு பெரும்பாலும் சமையல் மேடையோரம் நின்றபடிதான்.

"நாற்காலி கடிக்காதும்மா, உட்காரு" என்பாள் மகள்.

"உட்கார்ந்தா எந்திரிக்கணும். அது ரெண்டு வேலை."

அங்கே நாணயங்களைச் சுத்தம் செய்யும் வேதியியலாளர் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரை ஆசிட் என்றே கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும். அவர்தான் இவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர். "சுத்துறது தெரியுது, சாட்டை யார் கையிலன்னுதான் தெரியல சார்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவர் சொல்லித்தான் எனக்கு இன்னொன்றும் தெரியும்: கேமராவுக்குப் பின்னால் நின்றால் மட்டும் அவள் சிலையாகிவிடுவாளாம். பட்டனை அழுத்தும்வரை மூச்சுகூட விடமாட்டாளாம். நான் அதைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவள் அப்படி நின்றதே இல்லை.

அந்த அருங்காட்சியகத்தில் பண்டைய இந்திய நாணயங்களின் பெரிய சேகரிப்பு ஒன்று இருந்தது. யாரோ ஒருவர் வாழ்நாள் முழுக்க வாங்கிச் சேர்த்து, உயில் எழுதி விட்டுப்போனது. அவற்றையெல்லாம் படம் எடுத்து, புத்தகமாகப் போடுவதற்காகத்தான் இவளை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். வருடா வருடம் காப்பாளர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் வேலை. வரலாறு அவள் படித்த பாடம் அல்ல. ஆனால் ஒரு காசை அரை மணி நேரம் உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தால் அது அக்கம்பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஆகிவிடும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து அவர்களைப் பற்றி வம்பு பேசுவாள்.

"முதல்ல யாருக்கும் முகமே கிடையாதுங்க. வெள்ளியைத் துண்டு துண்டா வெட்டி, சூரியன், மலை, மரம்னு முத்திரை குத்தி விட்டுட்டாங்க. எந்த ராஜா அடிச்சதுன்னு அதுல எழுதியே இருக்காது. அப்புறம் வடமேற்குல கிரேக்க ராஜாக்கள் வந்தாங்க. முகத்தைப் போட்டாங்க, பேரைப் போட்டாங்க. ஒரு பக்கம் அவங்க எழுத்து, மறுபக்கம் உள்ளூர் எழுத்து. அவ்வளவுதான், அதுக்கப்புறம் வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் முகம் வேணும்."

இன்னொரு நாள் குஷாணர்கள். "ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க, அந்த வெயில்ல கம்பளிக் கோட்டு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். தாத்தா குளிர்ப் பிரதேசத்துல போட்டது, பேரனும் விடமாட்டேங்கிறாரு. பின்னாடி ஒரு காசுல ஈரானிய சாமி, அடுத்ததுல கிரேக்க சாமி, அடுத்ததுல சிவன். யாரையும் பகைச்சுக்கல, சரியான ஆளு." ரோமானியத் தங்கக் காசு கப்பலில் வந்து இறங்கியதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். அவற்றில் சிலவற்றின் மேல், பேரரசரின் கன்னத்துக்குக் குறுக்கே, உளியால் ஒரு வெட்டு இருக்கும். ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்களாம். "எனக்கு அதைப் படம் எடுக்கவே கை வரலைங்க. யாரோ ரொம்ப நிதானமா வெட்டியிருக்காங்க."

ஆனால் அவளுக்கு மிகவும் பிடித்தவை மேற்கே ஆண்ட சத்ரபர்களின் வெள்ளிக் காசுகள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. முன்னால் மீசை வைத்த ஓர் அரசனின் தலை. அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள். பின்னால் மூன்று வளைவுள்ள ஒரு மலை. முதல் காசுகளில் அந்த எழுத்தைப் படிக்கலாம். போகப்போக, அச்சு வெட்டுகிறவர்களுக்குக் கிரேக்கம் தெரியாது. முந்தைய காசைப் பார்த்து வெட்டினார்கள், அதைப் பார்த்து அடுத்தவர்கள். எழுத்து கோடாகி, கோடு புள்ளியாகி, கடைசியில் வெறும் பூ வேலை. "படிக்கத் தெரியாமலே முந்நூறு வருஷத்துக்கு மேல எழுதியிருக்காங்க. தேவையில்லைன்னு யாருக்கும் தோணலையே, அதைச் சொல்லுங்க" என்பாள். பிறகு குப்தர்கள் அந்த நாட்டைப் பிடித்தார்கள். முகத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இருந்த மலையை மட்டும் எடுத்துவிட்டுக் கருடனைப் போட்டார்கள்.

அவளுடைய வாழ்க்கையைக் குலைத்த சங்கதி இந்தக் கருடனில்தான் தொடங்கியது.

அவர்கள் வேலை செய்யும் முறையைச் சொல்லாவிட்டால் இது புரியாது. நாணயத்தின் முன்பக்கத்தை அவர்கள் முகம் என்றும், பின்பக்கத்தை முதுகு என்றும் சொல்வார்கள். முகம் மேடாக இருக்கும், முதுகு தட்டையாக இருக்கும். இரண்டுக்கும் விளக்கை வேறு வேறு உயரத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் விளக்கை ஏற்றி இறக்கினால் விடிந்துவிடும். அதனால், குழிகள் உள்ள ஒரு தட்டில் காசுகளை வரிசையாக அடுக்கி, முதலில் எல்லா முகங்களையும் எடுத்துவிடுவாள். பிறகு அதன் மேல் இன்னொரு தட்டை மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டுவாள். இப்போது எல்லாம் முதுகு காட்டிக் கிடக்கும். புத்தகப் பக்கத்தைத் திருப்புவது போல இடப்பக்கமாகப் புரட்ட வேண்டும் என்பது விதி. அப்படிப் புரட்டினால் இடது ஓரத்துக் காசு வலது ஓரத்துக்கு வந்துவிடும். ஆகையால் முதுகுகளை வலமிருந்து இடமாக எடுப்பாள். கைக்குப் பழகிப்போன கணக்கு.

ஒரே பானையில் கிடைத்த சத்ரபர் காசுகள் ஒரு தட்டில் இருந்தன. தேய்ந்தவை, ஒரு பக்கம் படிக்க முடிந்தால் மறுபக்கம் முடியாது. எல்லாவற்றின் முதுகிலும் மலை. ஒன்றில் மட்டும் கருடன். அந்தக் கருடனுக்கு ஜோடியாக வந்த முகத்தில், பழைய வம்சத்தின் கடைசி அரசனின் ஆண்டு எண் தெளிவாக இருந்தது. அதாவது தோற்றுப்போன அரசனின் முகம், ஜெயித்த அரசனின் பறவை, ஒரே காசில்.

வெளியூரில் இருந்த பேராசிரியர் அம்மா ஒருவர், மூன்று வருடமாக இந்தப் படங்களை வைத்துத்தான் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். காசுகளை அவர் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அப்போது எல்லோரும் படத்தை நம்பித்தான் எழுதினார்கள். அந்த ஒரு காசை வைத்து அவர் ஓர் அத்தியாயமே கட்டினார். நாடு கைமாறியபோது நாணயச் சாலை கைமாறவில்லை. அதே ஆட்கள், அதே பட்டறை, நேற்று வெட்டிய முக அச்சை இன்றைக்கும் எடுத்து அடித்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். தட்டச்சுப் பிரதியை இவளுக்கும் அனுப்பியிருந்தார். இவள் அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள், நடந்துகொண்டே.

"யோசிச்சுப் பாருங்க. வெளியில சண்டை முடிஞ்சு ராஜா மாறிட்டாரு. உள்ள ஒருத்தன் அடுப்பை ஊதிக்கிட்டு, 'முகம் பழசே இருக்கட்டும், முதுகுக்கு மட்டும் புதுசு வெட்டு'ங்கறான். அவனைத்தாங்க நான் படம் எடுத்திருக்கேன்."

அந்தச் சமயத்தில் அருங்காட்சியகத்துக்குப் புதிய கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. திறப்பு விழாச் சுவரொட்டிக்கு அதே காசைத் தேர்ந்தெடுத்தார் காப்பாளர். மாதிரிப் பிரதி வந்த அன்று அவள் வீட்டுக்கு வந்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நடக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முகத்துல ஒரு வெடிப்பு இருக்குங்க. ஓரத்துலேர்ந்து தாடை வரைக்கும். சின்னப் படத்துல தெரியல, சுவரொட்டியில கை அகலத்துக்குத் தெரியுது. அவ்வளவு ஆழமான வெடிப்புன்னா முதுகுலயும் வந்திருக்கணும். கருடன் பக்கம் ஒண்ணுமே இல்ல."

வெடிப்பு ஒரு பக்கத்தோடு நிற்பதும் உண்டு என்று ஆசிட் சொன்னாராம். இரண்டு படங்களிலும் காசின் வெளிவிளிம்பை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதற்கும் வழியில்லை. காப்பாளருக்கு வட்டம் பிடிக்கும். நெளிந்தும் நசுங்கியும் இருக்கும் காசுகள் புத்தகத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று, நெகட்டிவ்வில் ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு விளிம்பை மறைக்கச் சொல்லியிருந்தார். போட்டவள் இவள்தான். எல்லாக் காசும் இப்போது ஒரே மாதிரி உருண்டை.

அதன் பிறகுதான் அவளுக்கு அந்தப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. அந்தத் தட்டை எடுத்த வாரம், இடமாற்றத்துக்காக மரப்பெட்டிகளை அவள் மேசையின் இடப்பக்கம் அடுக்கியிருந்தார்கள். இடப்பக்கமாகப் புரட்ட இடமில்லை. நாட்காட்டித் தாளைத் தூக்குவது போல மேல்வாக்கில் புரட்டினோமோ என்று சந்தேகம். அப்படிப் புரட்டிவிட்டு, கை பழக்கத்தில் மேல்வரிசையின் வலது ஓரத்திலிருந்து எடுத்திருந்தால், முதல் காசின் முகத்துக்குக் கடைசிக் காசின் முதுகு வந்திருக்கும். தட்டு முழுக்கத் தலைகீழ்.

"மேல்வாக்குல புரட்டினியா இல்லையா?" என்று கேட்டேன்.

"தெரியலைங்களே. கை செஞ்சது, எனக்கு எப்படித் தெரியும்?"

காசைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் காசுகள் பெட்டியில் இருந்தன. பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை. புதிய கட்டிடத்துக்குப் போய்ச் சேரும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. புத்தகமோ மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அச்சேறிவிட்டால் அந்தக் காசு வரலாறு ஆகிவிடும். இவள் கை தவறியதா இல்லையா என்பது தெரியாமலே நாலு ஊரில் நாலு பேர் அதைப் பாடமாக நடத்துவார்கள். அவளைத் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் எதுவுமே ஒழுங்காகத் திரும்பவில்லை. ரொட்டிக்கல்லில் ரொட்டியைப் போட்டுவிட்டு, கரண்டியோடு நிற்பாள். எப்படிப் புரட்டுகிறோம் என்று தன் கையையே உளவு பார்ப்பாள். ரொட்டி கருகும். மகள் பீங்கான் தட்டு இரண்டை எடுத்து நடுவில் பொத்தான்களை வைத்துப் புரட்டிப் பார்த்தாள்; மூன்று பேரும் தரையில் பொத்தான் பொறுக்கினோம். "உங்க அம்மா கை எனக்கே புரியல, உனக்குப் புரியுமா?" என்றேன். மனைவி சிரிக்கவில்லை. பொத்தான்களை மறுபடி அடுக்கினாள்.

நடுவில் பேராசிரியர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். படங்களுக்கு நன்றி சொல்ல. இவள் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "ஆமா மேடம்... இல்ல மேடம்... அதெல்லாம் ஒண்ணுமில்ல, என் வேலைதானே மேடம்." வைத்துவிட்டு, தொலைபேசி மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? தப்பா இருக்கலாம், சரியாவும் இருக்கலாம்னா? எனக்குத் தூக்கம் போச்சு, அவங்களுக்கும் போகணுமா? பார்த்துட்டுச் சொல்றேன்." பிறகு அவளாகவே சொன்னாள். "'உங்க கை மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை'ன்னாங்க. என் கை மேல எனக்கே இல்ல."

மறுநாளிலிருந்து அவள் காப்பாளரின் அறை வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள். காலையில் அவர் வரும்போது நிற்பாள், வேலைக்குப் போவாள், மத்தியானம் மறுபடி வந்து நிற்பாள். காப்பாளர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறுவதற்குள் அந்தக் கட்டிடத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கவலை.

"முத்திரையை உடைச்சா மேல பதில் சொல்லணும்மா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் நிக்கிறியே. உள்ள வந்து உட்காரவாவது செய். நீ நிக்கிறதைப் பார்த்தா எனக்குக் கால் வலிக்குது."

"பெட்டியைத் திறங்க சார், உட்கார்றேன்."

அவர் விட்டுக்கொடுத்தார். வெள்ளிக் காசு உள்ள பெட்டிகளில் ஈரம் இழுக்கும் பொட்டலங்களை எப்படியும் மாற்றியாக வேண்டும் என்று ஆசிட் சொன்னது அவருக்கு ஒரு பிடியாகக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை, மூன்று பேர் மட்டும் இருந்து அந்தப் பெட்டியைத் திறந்தார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் எனக்குச் சொன்னது மிகக் கொஞ்சம். வீட்டுக்கு வந்து, "தலைகீழ்தாங்க. தட்டு முழுக்க" என்றாள். முகம் கழுவினாள். அத்தனை நாளும் இந்த வீட்டில் நாங்களும் அந்தத் தட்டோடு சேர்ந்துதான் புரண்டுகொண்டிருந்தோம். முடிந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளிடம் அப்படிச் சொல்லவும் செய்தேன். அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில், நிம்மதி என்ற சொல்லை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

மீதியை ஆசிட் சொல்லித்தான் தெரியும். அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரு காலையில், அலுவலகம் கிளம்பும் நேரத்தில், மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. போன வாரம் ஆசிட் அவளுடைய கண்ணாடிகளையும் கத்திரிக்கோலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பையை மடியில் வைத்தபடி நெடுநேரம் பேசினார்.

கருடன் காசை அவள் இடுக்கியால் எடுத்துத் திருப்பினாளாம். மறுபக்கம், எழுத்தெல்லாம் கோடாகிப்போன, யாரென்று அடையாளமே தெரியாத ஒரு தேய்ந்த முகம். குப்தர் காசில் எப்படி இருக்குமோ அப்படி. வெடிப்புள்ள முகத்தைத் தேடி எடுத்துத் திருப்பினாள். மலை. வெடிப்பு மலைக்குள்ளும் போயிருந்தது.

"எங்க பெரியவருதான் மெதுவா சொன்னாரு சார். 'புத்தகம் எழுதுறது நாம இல்லம்மா. நாம ஈரப் பொட்டலம் மாத்தத்தான் திறந்தோம். மாத்தியாச்சு, மூடிடுவோம். நானும் அடுத்த வருஷம் போயிடுவேன்.' மிரட்டல்லாம் இல்ல சார், கெஞ்சின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா வருஷா வருஷம் இவங்களுக்குக் கையெழுத்துப் போடுறவரும் அவருதானே."

"அவ என்ன சொன்னா?"

"நேரா அவரு மேசைக்குப் போயி, அவரு தொலைபேசியை எடுத்து, அவருக்கு முன்னாலயே அந்த அம்மாவைக் கூப்பிட்டாங்க. 'மேடம், அப்படி ஒரு காசே கிடையாது. நான் தட்டைத் தப்பாப் புரட்டிட்டேன்.' அவ்வளவுதான், ரெண்டே வாக்கியம். அந்தப் பக்கத்துலேர்ந்து 'மூணு வருஷம்மா'ன்னு கேட்டுச்சு. எங்களுக்கே கேட்டுச்சு. கோவமாத்தான் இருந்துச்சு. இருக்காதா பின்ன?"

அந்த அத்தியாயம் புத்தகத்தில் அப்படியே வரவில்லை. மூன்று மாதம் தள்ளி வந்த புத்தகத்தில், நாணயச் சாலை கைமாறவில்லை என்ற வாதத்தைப் பேராசிரியர் அம்மா விட்டுவிடவில்லை. அந்தக் காசை எடுத்துவிட்டு, வேறு வழியில் கட்டியிருந்தார். கருடன் காசுகளின் முகத்தைச் சுற்றியும் அதே அர்த்தமில்லாத கிரேக்கக் கோடுகள் தொடர்கின்றனவே, புதிய ஆட்கள் வந்து புதிதாக வெட்டியிருந்தால் அந்தக் கோடுகளை ஏன் சுமந்துகொண்டிருப்பார்கள் என்று கேட்டிருந்தார். முந்தையதைவிடப் பலவீனமான வாதம் என்று அவரே எழுதியிருந்தார். இவளுக்கு ஒரு பிரதி வந்தது. உள்ளே கையெழுத்து இல்லை, இரண்டு வரி விசாரிப்பும் இல்லை. இவள் ஜன்னலோரம் நின்று அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். பிறகு, "முன்னாடியே இப்படி எழுதியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்ல" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சுவரொட்டியில் கோட்டும் பூட்ஸும் போட்ட அரசன் வந்தான். காப்பாளர் ஓய்வு பெறும் முன்பு இவளுடைய ஒப்பந்தத்தில் வழக்கம் போலக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பது எனக்கு ஆசிட் சொல்லும்வரை சரியாகப் புரியவில்லை. அவள் தினமும் தாமதமாக வந்தது எனக்குத் தெரியும். புதிய கட்டிடத்தில் வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்த பிறகு, யாரும் கேட்காமல், அவள் ஒவ்வொரு தட்டாக எடுத்து, ஒவ்வொரு காசையும் கையால் திருப்பி, தான் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். ஒரு தட்டைத் தெரியாமல் புரட்டிய கை இன்னும் எத்தனையைப் புரட்டியதோ என்று. கிரேக்க அரசர்கள் முடிந்து, குஷாணர்கள் முடிந்து, ரோமானியக் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்த போலிகளுக்கு வந்திருந்தாளாம்.

"வேற தப்பு எதாவது கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல சார். நான் சொன்னேன், 'பம்பரம், போதும், நிறுத்து, எல்லாம் சரியா இருக்கு'ன்னு. அதுக்கு அவங்க, 'ஒண்ணாவது தப்பா இருந்திருந்தா நம்பியிருப்பேன். எல்லாமே சரின்னா, நான் ஒழுங்காப் பார்க்கலையோன்னு இருக்கு'ன்னாங்க. அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல."

சிரித்தோம். அவள் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. உள்ளறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மீதி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் தட்டுகள் இருக்கின்றன, ஈயக் காசுகளும் செப்புக் காசுகளும், என்றார். யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அவள் செய்தது யாருடைய வேலையும் இல்லை என்பதால், அவள் இடத்துக்கு வருகிறவரிடம் சொல்லவும் முடியாது.

வாசல்வரை போனவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "திங்கக்கிழமை நான் ஒரு தட்டை எடுக்கிறேன் சார். எனக்கு அவங்க அளவுக்குக் கண் கிடையாது. நேரமாகும்."

அவசரமில்லை என்றேன். அது உண்மை இல்லை. இன்று புதன்கிழமை. அவர் எடுத்தாரா, எத்தனை காசு திருப்பினார், எல்லாம் சரியாக இருந்ததா என்று திங்கள் மாலையிலிருந்து கேட்க நினைத்து, கேட்காமல் இருக்கிறேன்.